தத்தெடுத்த குழந்தையுடன் முதல் நூறு நாட்கள்: புனே வாடகை அறையிலிருந்து நியூ ஜெர்சி வீடு வரை

வெளிநாட்டில் வாழும் தமிழ்த் தம்பதியர் இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கும்போது, அந்தக் குழந்தை தமிழ் பேசும் குழந்தையாகவே இருக்கும் என்று சொந்தக்காரர்கள் தாமாகவே எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான காராவின் வழியாக வரும் குழந்தை எந்த மாநிலத்தைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். எங்கள் மகள் புனேயிலுள்ள ஒரு காப்பகத்திலிருந்து, மூன்று வயது எட்டு மாதத்தில், மராத்தி மட்டும் அறிந்தவளாக எங்களிடம் வந்தாள். நானும் கணவரும் நியூ ஜெர்சியில் பல ஆண்டுகளாக வாழ்பவர்கள். மராத்தியில் பத்துச் சொற்கூட அறியாதவர்கள். புனேயில் ஒரு வாடகை அறையில் ஏழு வாரங்களும், அதன்பின் எங்கள் வீட்டில் ஏழு வாரங்களும் சேர்ந்து ஏறத்தாழ நூறு நாட்கள். அந்த நாட்களில் நாங்கள் செய்து சரியாக அமைந்தவற்றையும், தவறிப்போய்த் திருத்திக்கொண்டவற்றையும், இதே பாதையில் இறங்கப்போகும் பெற்றோருக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். காப்பகத்தில் வளர்ந்த குழந்தை பல கைகளில் வளர்ந்த குழந்தை. காலையில் ஒருவர் குளிப்பாட்டுவார், மதியம் வேறொருவர் சோறு ஊட்டுவார், இரவில் விழித்து அழுதால் மூன்றாமவர் வந்து தட்டிக்கொடுப்பார். புனேயில் அவர்களை ‘மௌஷி’ என்று, அதாவது தாயின் உடன்பிறந்தவள் என்னும் உறவுச்சொல்லால் அழைக்கிறார்கள். எங்கள் மகளின் மௌஷிகள் உண்மையிலேயே அன்பானவர்கள். இருந்தாலும், அழுதால் யார் வருவார் என்பது வேலைநேரப் பட்டியலைப் பொறுத்து மாறும்போது, ‘என்னுடையவர்’ என்று ஒருவரை மனத்தில் இருத்திக்கொள்ளக் குழந்தைக்கு வாய்ப்பு அமைவதில்லை. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வொன்றில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்துப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள், குறிப்பாக இரண்டு வயதுக்குள் போனவர்கள், தம்மை வளர்ப்பவரோடு கொண்ட பிணைப்பில் தெளிவான முன்னேற்றம் காட்டினார்கள். இரண்டு வயதைத் தாண்டிய குழந்தைக்கு இனி வழியில்லை என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டியதில்லை. அந்தக் குழந்தைக்குப் பொறுமையும் திட்டமும் கூடுதலாக வேண்டும் என்றே நான் எடுத்துக்கொண்டேன். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் ஒரே நோக்கத்திலிருந்து பிறப்பவை: தொடக்க வாரங்களில் சோறும் நீரும் மடியும் தூக்கமும் ஆறுதலும் தாய், தந்தை என்னும் இருவரின் கைகளிலிருந்து மட்டுமே குழந்தைக்குக் கிடைக்க வேண்டும்.

பயணத்துக்கு முந்தைய மாதங்கள்

குழந்தையின் ஆய்வறிக்கையையும் மருத்துவ அறிக்கையையும் படித்து ஏற்றுக்கொண்ட பின், பயணம் வரை சில மாதங்கள் கழியும். கட்டிலும் பொம்மைகளும் வாங்குவதில் அந்த மாதங்களைச் செலவழிக்காமல், காப்பகத்தின் அனுமதி கேட்டு ஒரு சிறு படத்தொகுப்பை அனுப்புங்கள். பத்துப் பன்னிரண்டு பக்கம் போதும். முதல் பக்கத்தில் தாயின் முகம் பெரிதாகவும், அடுத்ததில் தந்தையின் முகம், பிறகு வீட்டு வாசல், சமையலறை, குழந்தை படுக்கப்போகும் இடம் என்றும் அமையட்டும். கிழியாதபடி பிளாஸ்டிக் உறையிட்டு, ஒவ்வொரு படத்தின் கீழும் குழந்தையின் மொழியில் ஒரு வரி எழுதச் செய்யுங்கள். ஆயாக்கள் நாள்தோறும் அதைக் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்தால், நீங்கள் போய்ச் சேரும் நாளில் உங்கள் முகம் முற்றிலும் அந்நியமாக இருக்காது. அதோடு ஒரு பழைய பருத்திப் புடவைத் துண்டையும் அனுப்புங்கள். ஒரு வாரம் அதை உங்கள் தலையணை மேல் விரித்துப் படுத்துவிட்டு, துவைக்காமல் அனுப்ப வேண்டும். முகத்துக்கு முன்பே உங்கள் வாசனை அந்தக் குழந்தைக்குப் பழகிவிடும்.

காப்பகத்திடம் கேட்க வேண்டிய கேள்விகளையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் உயரமும் எடையும் தடுப்பூசியும் இருக்கும். குழந்தையைச் செல்லமாக என்ன பெயரில் கூப்பிடுகிறார்கள், கவிழ்ந்து படுக்கிறதா மல்லாந்தா, தூங்கும்போது விளக்கு எரியுமா, சோற்றைக் குழைத்துத் தருவார்களா, அடிபட்டால் யாரிடம் ஓடுகிறது, எதைக் கண்டு பயப்படுகிறது, உடன் இருப்பவர்களில் யார் நெருங்கிய தோழி ஆகியவை அதில் இருப்பது அரிது. கழிப்பறையில் குந்தி அமர்ந்தே பழகிய குழந்தைக்கு மேல்நாட்டுப் பீங்கான் இருக்கை எவ்வளவு பெரிய அச்சம் தரும் என்பது, இந்தக் கேள்வியைக் கேட்க மறந்த எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மொழியில் முப்பது சொற்கள் கற்றால் போதும். ஆனால் அவை சரியான முப்பதாக இருக்க வேண்டும். எங்களைக் காப்பாற்றியவை பசிக்கு ‘பூக்’, தண்ணீருக்குப் ‘பாணி’, சிறுநீருக்கு ‘ஷூ’, வேண்டாம் என்பதற்கு ‘நகோ’, வலிக்கிறது என்பதற்குத் ‘துக்தய்’ ஆகிய சொற்கள்தாம். இவற்றுக்கும் மேலாக இரண்டு சிறு தொடர்கள் உதவின: பயப்படாதே என்னும் ‘காப்ரூ நகோ’, நான் இங்கேயேதான் இருக்கிறேன் என்னும் ‘மீ இதேச் ஆஹே’. இரண்டாவதை முதல் மாதத்தில் ஆயிரம் முறையாவது சொல்லியிருப்பேன்.

காப்பகத்தில் சந்திக்கும் நாட்கள்

முதல் நாளே குழந்தையை வாரி அணைக்க வேண்டும் என்ற தவிப்பு இயல்பானது, அதை அடக்கிக்கொள்ளுங்கள். தரையில் உட்காருங்கள். பந்தோ சோப்புக் குமிழியோ கையில் இருக்கட்டும். குழந்தை ஆயாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தால், அந்தத் தொலைவிலிருந்தே பந்தை உருட்டிவிடுங்கள். காப்பகம் ஒத்துக்கொண்டால் மூன்று நான்கு நாட்களாவது தொடர்ந்து போய், குளிக்கும் நேரத்திலும் உண்ணும் நேரத்திலும் உடனிருந்து, ஆயாவின் கை செய்வதைக் கண்ணால் கற்றுக்கொள்ளுங்கள். இந்தச் சந்திப்புகளில் மிகப் பயனுள்ள நிமிடம், குழந்தை அதிகம் நம்பும் ஆயாவே அதைத் தூக்கி உங்கள் மடியில் வைத்து, இவள்தான் உன் அம்மா என்று தன் வாயால் சொல்லும் நிமிடம். மராத்தியில் அம்மாவுக்கு ‘ஆயீ’ என்பார்கள். ஆயா என்று கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு அது முதலில் வேறு மாதிரி ஒலித்தாலும், அவள் வாயிலிருந்து வந்த பிறகு எனக்கு வேறு பெயரே வேண்டியிருக்கவில்லை.

விடைபெறுதலை மறைக்காதீர்கள். வெளியே போய்விட்டு வரலாம் என்று ஏமாற்றியோ, தூங்கும்போது தூக்கிக்கொண்டோ வந்தால், அடுத்த பல மாதங்கள் குழந்தை தூங்கவும் அஞ்சும், வெளியே புறப்படவும் அஞ்சும். ஆயாக்களிடமும் தோழிகளிடமும் கையசைத்து, இனி ஆயீ வீட்டில் இருக்கப்போகிறாய் என்று சொல்லக் கேட்டு, அழுதபடியேனும் அறிந்து வரட்டும். அன்று அது அணிந்திருந்த உடையைத் துவைக்காமல் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஏக்கம் மிகும் இரவுகளில் அந்த வாசனை ஆறுதல் தரும். கூடத்தையும் படுக்கையையும் முற்றத்து மரத்தையும் மௌஷிகளையும் சமையற்காரரையும், அவர்கள் அனுமதியோடு படமெடுத்து, அவர்கள் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். ஏழெட்டு வயதில் குழந்தை கேட்கப்போகும் கேள்விகளுக்கு அப்போது உங்களிடம் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

பெயரை உடனே மாற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஊர், மொழி, உணவு, மனிதர் எல்லாம் ஒரே நாளில் மாறும் குழந்தையிடம் மிஞ்சியிருக்கும் ஒரே சொந்தப் பொருள் அதன் பெயர்.

வாடகை அறையின் முதல் இரண்டு வாரம்

சமையலறை உள்ள சிறு அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுப்பது நல்லது. நட்சத்திர விடுதியில் குழந்தைக்கு வேண்டிய எதுவும் கிடைக்காது. முதல் வாரம் காப்பகத்தில் உண்ட அதே உணவையே கொடுங்கள். எங்கள் மகளுக்கு அது வரண் பாத், அதாவது சற்று இனிப்பாகக் கரைத்த பருப்பும் சோறும். நான் ஆசையாக வைத்த ரசத்தை அவள் தொடவில்லை. ரசத்துக்கு இன்னும் வயது இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

உண்ணக் கொடுப்பதை ஒரு வேலையாகக் கருதாமல் உறவை வளர்க்கும் முதல் வழியாகக் கொள்ளுங்கள். தானே அள்ளி உண்ணத் தெரிந்த குழந்தையானாலும் மடியில் வைத்து ஊட்டுங்கள். நான்கு வயதுக் குழந்தை புட்டியில் பால் கேட்டால் மறுக்க வேண்டாம். தாண்டிவந்துவிட்ட கைக்குழந்தைப் பருவத்தை அது உங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. காப்பகத்தில் உணவு நேரம் கறாரானது, தட்டு ஒருமுறைதான் நிறையும். ஆகவே இங்கே சில குழந்தைகள் வாந்தி எடுக்கும் வரை உண்பார்கள், சிலர் தலையணைக்கு அடியில் சப்பாத்தியை ஒளித்து வைப்பார்கள். திட்டவும் கூடாது, சிரிக்கவும் கூடாது. சிறிதுசிறிதாகப் பலமுறை பரிமாறுங்கள். ஒரு டப்பாவில் வாழைப்பழமும் பிஸ்கட்டும் போட்டு, குழந்தைக்கு எட்டும் இடத்தில் பகலிரவு எப்போதும் நிறைத்து வையுங்கள். எங்கள் மகள் முதல் பத்து நாள் ஒரு மணிக்கொரு முறை அந்த டப்பாவைத் திறந்து பார்த்து மூடுவாள். பெரும்பாலும் எதையும் எடுக்க மாட்டாள். எந்தக் குற்றத்துக்கும் தண்டனையாக உணவைத் தடுக்கக் கூடாது என்பதை மட்டும் விதியாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குளியலுக்கு வாளியும் குவளையும் போதும். தலைக்கு மேலிருந்து கொட்டும் ஷவர் பல குழந்தைகளை அலற வைக்கும். எண்ணெய் தேய்த்துவிடும் நம் பழக்கம் தொடுகையைப் பழக்கப்படுத்த மிக உதவும். ஆனால் உள்ளங்காலில் தொடங்கி, குழந்தை காலை இழுத்துக்கொண்டால் நிறுத்திவிட்டு, மறுநாள் முழங்கால் வரை என்று மெல்லப் போக வேண்டும். கண்ணைப் பார், கட்டிப்பிடி என்று வற்புறுத்தாதீர்கள். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல்களை நண்டுபோல் ஊர விட்டு அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் நம் பாட்டிகளின் விளையாட்டில் தொடுகை, சிரிப்பு, பார்வை மூன்றும் தாமாகவே வந்துவிடும். கண்ணாமூச்சியை அலுக்காமல் ஆடுங்கள். மறைந்தவர் திரும்பி வருவார் என்பது இந்தக் குழந்தை வாழ்க்கையில் இதுவரை கற்காத பாடம்.

தூக்கம்தான் கடினமான பகுதி. பத்துப் பதினைந்து குழந்தைகளோடு வரிசையாகப் படுத்து, மங்கிய விளக்கிலும் இருமல் ஒலியிலும் தூங்கிய குழந்தைக்கு, தனியறையின் இருட்டும் நிசப்தமும் ஆறுதலாக இருப்பதில்லை. கை எட்டும் தூரத்தில் உங்கள் அருகிலேயே படுக்கை போடுங்கள், சிறு விளக்கு எரியட்டும். இரவில் எழுந்து அழுதால் ஒவ்வொரு முறையும் எழுந்து போங்கள். பிள்ளைக்குப் பழக்கம் கெட்டுவிடும் என்று எச்சரிப்பவர்கள் இருப்பார்கள். அழுதால் ஆள் வரும் என்ற பழக்கத்தைத்தான் நாம் இப்போது உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம்.

இந்த இரண்டு வாரமும் உலகத்தைச் சிறிதாக வைத்திருங்கள். ஒரே வரிசையில் நாள் நகரட்டும்: எழுதல், பல் துலக்கல், காலை உணவு, பூங்கா, குளியல், சோறு, தூக்கம். சாரஸ் பாக் போன்ற பூங்காவுக்குக் கூட்டம் சேருமுன் அதிகாலையில் போய் வந்தால் போதும். நாங்கள் நான்காம் நாளே ஒரு பெரிய வணிக வளாகத்துக்கு அழைத்துப் போனோம். புதுச் சட்டை வாங்க வேண்டும் என்ற என் அவசரம்தான் காரணம். கூட்டத்தில் நான் ஒரு நிமிடம் கையை விட்டபோது, அவள் அருகில் நின்ற முன்பின் அறியாத ஒரு பெண்ணின் விரலைப் பற்றிக்கொண்டு, திரும்பியும் பாராமல் அவரோடு நடந்துபோனாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். அந்தப் பெண்மணி, எவ்வளவு நல்ல குழந்தை, யாரிடமும் வருகிறதே என்று பாராட்டினார். யாரிடமும் போகும் குணம் இந்த வயதில் நற்குணம் ஆகாது; எந்தக் கையும் தன் கையாகாத குழந்தைக்கு எல்லாக் கைகளும் ஒன்றுதான். அன்று மாலையே, வெளியே போனால் இடுப்பிலோ தோளிலோ துணித் தூக்கியிலோதான் அவள் இருப்பாள் என்று முடிவு செய்தோம். நடக்கத் தெரிந்த பிள்ளையைத் தூக்கலாமா என்று தயங்காதீர்கள்.

அழும் குழந்தை, அழாத குழந்தை

அழும் குழந்தையைப் பார்த்துப் பெற்றோர் கலங்குவார்கள். நான் அதிகம் கவலைப்படச் சொல்வது அழாத குழந்தையைப் பற்றி. தாயைப் பிரிந்து மருத்துவமனையில் நாள்கணக்கில் தங்கிய சிறு குழந்தைகளைக் கவனித்த ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜான் பௌல்பி என்னும் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1950களின் தொடக்கத்தில், முதலில் எதிர்த்து அழுதல், பிறகு சோர்ந்து ஒடுங்குதல், அதன்பின் யாரும் வேண்டாததுபோல் விலகிவிடுதல் என்னும் மூன்று நிலைகளை விவரித்தார்கள். மூன்றாம் நிலையில் குழந்தை சமர்த்தாகத் தெரியும்; செவிலியர்கள் அது பழகிவிட்டதாக நினைப்பார்கள். தத்தெடுத்த முதல் வாரத்தில் கொடுத்ததை உண்டு, சொன்னபடி படுத்து, விழுந்து அடிபட்டாலும் வாய் திறக்காத குழந்தை இந்த மூன்றாம் நிலையில் இருக்கக்கூடும். அது கீழே விழுந்தால், அது அழாவிட்டாலும், நீங்கள் ஓடிப்போய்த் தூக்கி, அடிபட்ட இடத்தைத் தடவி, வலிக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் மகள் பதினேழாம் நாள் மேசை முனையில் முட்டிக்கொண்டு முதன்முறையாக என்னைப் பார்த்து உரக்க அழுதாள். கணவரும் நானும் அன்று மகிழ்ந்த மகிழ்ச்சியை வெளியார் யாரிடமும் விளக்க முடியாது.

அந்த அழுகையோடு அடமும் உதையும் கடியும்கூட வரும். தனியறையில் அடைத்தோ மூலையில் நிறுத்தியோ திருத்த முயலாதீர்கள். பக்கத்திலேயே உட்கார்ந்து, புயல் ஓயும் வரை இருங்கள். நம் வீடுகளில் சாதாரணமாகச் சொல்லும் சில சொற்களை இந்தக் குழந்தையிடம் ஒருபோதும் சொல்லக் கூடாது. விட்டுவிட்டுப் போய்விடுவேன், பூச்சாண்டியிடம் பிடித்துக்கொடுப்பேன் என்பவை அத்தகையவை. எல்லாவற்றிலும் கொடியது, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று பெரியவர்கள் குழந்தைகளைச் சீண்டும் பழைய கேலி. பெற்ற பிள்ளை அதைக் கேட்டுச் சிணுங்கிவிட்டு மறந்துவிடும். இந்தப் பிள்ளை அதை நம்பிவிடும். உறவினர்களிடம் இதை முன்கூட்டியே, வெளிப்படையாக, பெயர் சொல்லியே எச்சரித்துவிடுங்கள்.

குழந்தை ஒருவரை ஒட்டி மற்றவரைத் தள்ளுவதும் பெரும்பாலும் நடக்கும். காப்பகத்தில் ஆண்களை அதிகம் பார்த்திராத குழந்தைக்குத் தந்தையின் குரலும் மீசையுமே அச்சம் தரலாம். என் கணவர் அறைக்குள் வந்தால் அவள் என் முதுகுக்குப் பின் போய்விடுவாள். அவர் கோபிக்கவும் இல்லை, விலகவும் இல்லை. தரையில் படுத்தபடியே பேசினார், உயரமாகத் தெரியாதபடி. மாலை வாழைப்பழத்தையும் ஊஞ்சலையும் அவர் பொறுப்பாக்கினோம். ஆறாவது வாரத்தில் அவர் தோளில் ஏறினாள்.

பெற்றோரின் மனநிலையைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் பத்து நாட்கள் எனக்குள் தாய்மை என்று சொல்லத்தக்க எதுவும் எழவில்லை; களைப்பும், யாரோ ஒருவரின் குழந்தையைப் பொறுப்பேற்றிருக்கும் பதற்றமுமே இருந்தன. ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற குழந்தையிடம் இப்படி உணர்கிறேனே என்ற குற்ற உணர்ச்சி அதைவிடக் கடுமையாக இருந்தது. தத்தெடுத்த பின் வரும் மனச்சோர்வு மருத்துவர்கள் அறிந்த ஒன்று. சில வாரங்களில் அது தணியாவிட்டால் தயங்காமல் உதவி நாட வேண்டும். ஊட்டியும் குளிப்பாட்டியும் இரவில் எழுந்தும் வந்தபோது எனக்கு அன்பு கையிலிருந்து நெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆவணங்களும் விமானமும்

நாடுவிட்டு நாடு நடக்கும் தத்தெடுப்பை ஒழுங்குபடுத்தும் ஹேக் உடன்படிக்கையின்படி நடக்கும் தத்தெடுப்பில், காராவின் தடையில்லாச் சான்று கிடைத்தபின், தத்தெடுப்பு ஆணை வரும் வரை குழந்தையை இந்தியாவுக்குள் தற்காலிக வளர்ப்பில் உங்களோடு வைத்துக்கொள்ள விதிகள் இடம்தருகின்றன. புனேயில் நாங்கள் தங்கியது அந்த ஏற்பாட்டில்தான். முன்பு நீதிமன்றம் வழங்கிய தத்தெடுப்பு ஆணையை 2022 செப்டம்பர் முதல் மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். அதன்பின் புதிய பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, தத்தெடுப்பு உடன்படிக்கைப்படியே நடந்தது என்று அதன் 23ஆம் பிரிவின்படி தரும் இணக்கச் சான்று, விசா. அலுவலகங்களுக்கு ஒருவர் மட்டும் போய்வர, மற்றவர் குழந்தையோடு அறையிலேயே இருங்கள். பெற்றோரில் ஒருவர் வேலைக்காக முன்னதாகத் திரும்ப நேர்ந்தால், முந்தின நாளே குழந்தையிடம் சொல்லி, அவர் திரும்பச் சேரும் நாள் வரை ஒரு தாளில் கட்டம் போட்டு, நாளுக்கொரு பொட்டாக ஒட்டச் செய்யுங்கள்.

மும்பையிலிருந்து நியூவார்க்குக்கு நேர் விமானத்தில் 15, 16 மணி நேரம் ஆகும். அதற்குக் குழந்தையின் டப்பா, புடவைத் துண்டு, துவைக்காத உடை, மாற்றுடை நான்கு செட் ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும். ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேர வேறுபாட்டால் முதல் வாரம் முழுவதும் நள்ளிரவில் விளையாட்டு நடக்கும். அதையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

புதிய நாட்டின் வீடு

விமான நிலையத்துக்கு இருபது பேர் பூச்செண்டோடு வர விரும்புவார்கள். ஒரே ஒருவர், வண்டி ஓட்ட மட்டும் வரட்டும். ஆரத்தி வீட்டு வாசலில் ஒரு நிமிடத்தில் முடியட்டும். விருந்தும் பெயர் சூட்டலும் கோவிலும் மூன்று மாதம் காத்திருக்கலாம். புனேயில் எங்கள் மூவரைச் சுற்றிக் கட்டிய வட்டம் இங்கேதான் உடையும் ஆபத்துக்கு உள்ளாகிறது. அதை உடைப்பவர்கள் அன்பானவர்கள் என்பதால் தடுப்பதும் கடினம்.

நம் குடும்பங்களில் குழந்தை மடிமாறி மடிமாறி வளர்வதே பெருமை. அத்தை தூக்குவார், பெரியம்மா ஊட்டுவார், பக்கத்து வீட்டுத் தாத்தா மிட்டாய் தருவார். பிறந்த நாள் முதல் தாயின் மடி உறுதியாக இருக்கும் குழந்தைக்கு அது செல்வம். எங்கள் மகளுக்கோ அது காப்பகத்தின் தொடர்ச்சியாகவே தெரியும். இதை என் மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று நான் பல இரவு யோசித்தேன். கடைசியில் இப்படிச் சொன்னேன்: “அத்தை, பிள்ளைபெற்றவளுக்குப் பத்தியச் சோறு போட்டு, தாயையும் பிள்ளையையும் ஓர் அறையில் வைத்து, வெளியாள் அண்டாமல் நீங்களெல்லாம் காப்பீர்கள் அல்லவா? இப்போதுதான் நான் பிள்ளை பெற்றிருக்கிறேன். என்னையும் அப்படியே காத்துத் தாருங்கள்.” அவர் வெகுநேரம் பேசவில்லை. மறுநாள் முதல் சமையலும் துணியும் வாசலில் வருபவர்களை வழியனுப்பும் வேலையும் அவருடையவை ஆயின. ஊட்டுவதும் தூக்குவதும் எங்களுடையவை. குழந்தை அவரிடம் பிஸ்கட் கேட்டால், “அம்மாகிட்டக் கேளு தங்கம்” என்று என்னிடம் திருப்பிவிட அவர் கற்றுக்கொண்டார். அந்த ஒரு சொல்லுக்கு அவர் தம் ஆசையை எவ்வளவு அடக்கியிருப்பார் என்பதை நான் அறிவேன்.

விடுப்பை முன்கூட்டியே கணக்கிடுங்கள். 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களில், தகுதியுள்ளவர்களுக்கு அமெரிக்கச் சட்டம் தத்தெடுப்புக்கும் 12 வாரம் ஊதியமில்லா விடுப்புத் தருகிறது. நியூ ஜெர்சியின் குடும்ப விடுப்புக் காப்பீடு 12 வாரம் வரை சம்பளத்தின் ஒரு பகுதியையும் தருகிறது. இந்தியாவில் தங்கும் வாரங்கள் இதில் பெரும்பங்கைத் தின்றுவிடும் என்பதால், ஒருவர் விடுப்பு முடியும்போது மற்றவர் விடுப்புத் தொடங்கும்படி பிரித்துக்கொள்வது நல்லது.

வந்த இரண்டு வாரங்களுக்குள் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். இரத்தசோகை, காசநோய், மஞ்சள்காமாலை பி, எச்ஐவி, இரத்தத்தில் ஈயம், மலத்தில் ஒட்டுண்ணி, பார்வை, செவித்திறன் ஆகியவை வழக்கமான சோதனைகள்; சிலவற்றைச் சில மாதங்கள் கழித்துத் திரும்பச் செய்யச் சொல்வார்கள். ஊசி போடும்போது குழந்தை உங்கள் மடியில்தான் இருக்க வேண்டும். வலியைத் தரும் வேலை வெளியாருடையதாகவும், ஆறுதல் உங்களுடையதாகவும் இருக்கட்டும்.

மொழி

ஆங்கிலம் தானாக வந்துவிடும். அதற்காக இப்போதே எதுவும் செய்ய வேண்டாம். உங்கள் நெஞ்சுக்கு நெருக்கமான மொழியில், தமிழில், பேசுங்கள். அச்சமும் பசியும் வலியும் குழந்தையின் மொழியில் தொடரட்டும். பழைய மொழி நாம் நினைப்பதைவிட விரைவாகக் கரையும். மூன்று முதல் எட்டு வயதுக்குள் கொரியாவிலிருந்து பிரான்சுக்குத் தத்துப்போனவர்கள், வளர்ந்தபின் கொரிய மொழியை மற்ற அந்நிய மொழிகளிலிருந்து பிரித்தறியவும் இயலாதிருந்ததாக 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எங்கள் மகளும் மூன்றாம் மாதத்தில் ‘பாணி’ என்பதை விட்டுத் ‘தண்ணி’ என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள், எனக்கு அன்று அழுகை வந்தது. ஆகவே மௌஷிகளின் குரல்பதிவை வாரம் ஒருமுறை கேட்க வைக்கிறோம். கேட்டுவிட்டுச் சில சமயம் படத்தொகுப்பை எடுத்துவந்து முற்றத்து மரத்தைத் தேடுவாள்.

வட்டத்தை விரிப்பது எப்போது

நாட்காட்டியை விடக் குழந்தையின் நடத்தையே இதற்குச் சரியான அளவுகோல். அடிபட்டால் வேறு பலர் இருக்க உங்களிடமே ஓடிவருகிறதா, பூங்காவில் ஓடி விளையாடும்போது இடையிடையே திரும்பி உங்களைத் தேடிப் பார்க்கிறதா, அந்நியர் கைநீட்டினால் பின்வாங்குகிறதா, நீங்கள் வெளியே போனால் அழுது, திரும்பி வந்ததும் உங்கள் தோளில் சாய்ந்து அடங்குகிறதா என்று கவனியுங்கள். இவை தெரியத் தொடங்கியபின் பாட்டி முதலில் அருகிலிருந்து விளையாடட்டும்; சில நாள் கழித்து, நீங்கள் உடனிருக்க ஒருவாய் ஊட்டட்டும்; பிறகு நீங்கள் குளிக்கும் பத்து நிமிடம், அதன்பின் கடைக்குப் போய்வரும் அரைமணி. குழந்தை மறுபடி இரவில் அலறத் தொடங்கினாலோ உணவை ஒளித்தாலோ ஒரு படி பின்வாங்குங்கள். பள்ளியை முடிந்த அளவு தள்ளிப்போடுங்கள்.

முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கொரு முறையும், இரண்டாம் ஆண்டில் ஆறு மாதத்துக்கொரு முறையும் சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து அறிக்கை எழுதுவார். பெற்றோர் இதை ஆவணமாக எண்ணுவார்கள். குழந்தையோ, கையில் கோப்போடு வருபவர் தன்னை வேறிடத்துக்கு அழைத்துப்போக வந்தவர் என்று எண்ணும். முதல் வருகையின்போது எங்கள் மகள் டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அதனால் வருகைக்கு இரண்டு நாள் முன்பே, ஒருவர் வருவார், தேநீர் குடிப்பார், பேசுவார், தனியாகவே திரும்பிப் போவார் என்று படம் வரைந்து சொல்லுங்கள். அவர் இருக்கும் நேரம் முழுவதும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் போனபின் கதவுத் தாழ்ப்பாளைக் குழந்தையின் கையாலேயே போடச் செய்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான தட்டில், இரவுச் சோற்றை ஊட்டுங்கள்.